மலையடிவாரத்து மனசு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியுமுன் ஜீப் ஏறி குமுளி மலைப்பாதை வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் கூடலூர், கம்பம் பெண்கள். வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கம் எஸ்டேட் லயங்களிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். படிப்புக்கும் வேலைக்கும் பள்ளத்தாக்கை விட்டு வெளியூர் போன பிள்ளைகள். மனநலம் என்று பேச ஆரம்பித்தால் இவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, இருக்கும் இடத்தைப் பற்றியதாக இருக்கும். வீடு, வேலைக்காடு, மழை, வெளிச்சம், சத்தம் பற்றிய அந்தக் கேள்விகளும் பதில்களும் இங்கே.

மரமும் மலையும் மனசுக்கு நல்லது என்கிறார்கள். பேச்சுக்குச் சொல்வதா, ஆராய்ச்சி இருக்கிறதா?

இருக்கிறது. அதிகம் பேசப்படும் ஆய்வு 1984-இல் ராஜர் உல்ரிச் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்குக் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. சிறு வயதில் வீட்டைச் சுற்றி மிகக் குறைந்த பசுமையோடு வளர்ந்தவர்களுக்கு, மிக அதிகப் பசுமையில் வளர்ந்தவர்களைவிடப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், பெற்றோருக்கு மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. இருந்தாலும் இப்படிப்பட்ட ஆய்வை மட்டும் வைத்து, பசுமை இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மனநோய்க்கு வேர்கள் பல. சுற்றுப்புறம் அதில் ஒரு வேர். நம் கையால் கொஞ்சமாவது மாற்றக்கூடிய வேர் என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

மரத்தைப் பார்ப்பதால் மனசுக்குள் என்னதான் நடக்கிறது?

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி 1980-களில் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கவனிப்பது எல்லாம் கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்கிற வேலைகள். அந்தப் பிடி நாளுக்கு நாள் களைத்துப்போகும். களைத்தவர்களுக்கு எரிச்சல் வரும், மறதி வரும், சின்ன விஷயத்துக்கும் குரல் உயரும். ஓடுகிற தண்ணீர், அசையும் இலை, நகரும் மேகம் இவையும் நம் கவனத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் இழுத்துப் பிடிக்காது. அந்த நேரத்தில் களைத்த பிடி தேறிக்கொள்கிறது.

இன்னொன்று, ஒரே நினைப்பைப் போட்டு மருகுவது. 'அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் அப்படிச் செய்தேன்' என்று ராத்திரி முழுக்க ஓடுமே, அதுதான். மனச்சோர்வுக்குக் கொண்டுபோய் விடும் வழிகளில் அதுவும் ஒன்று. 2015-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 38 பேரைப் பிரித்து, சிலரைப் புல்வெளியும் மரமும் உள்ள பாதையிலும் மற்றவர்களை வண்டி நெருக்கடி உள்ள சாலையிலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். மரப்பாதையில் நடந்தவர்களுக்கு அந்த மருகல் குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் ஸ்கேனில் தணிந்து தெரிந்தது. சாலையில் நடந்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

நான் தினமும் ஏலக்காட்டில்தான் இருக்கிறேன். பச்சைக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் மனசு இவ்வளவு பாரமாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத வேண்டியிருந்தது. பசுமைக்கு நடுவில் இருப்பது வேறு, பசுமை நமக்கு ஓய்வு தருவது வேறு.

காய் எடுக்கிறவரின் ஒரு நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலை ஏற வேண்டும். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து, அதில் காய்க்கிறது. எனவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டைக்குப் பயந்து தேய்த்த உப்பு, மேலே மழை, பக்கத்தில் கங்காணி. அண்ணாந்து பார்த்தால் எத்தனையோ வருஷத்து மரங்கள் நிழல் கொடுத்து நிற்கும், ஆனால் எடுக்கிறவர் கண் தரையை விட்டு எழாது. கூலி எடைக்கணக்கில் என்றால் கேட்கவே வேண்டாம். ஆராய்ச்சியில் 'இயற்கையில் நேரம்' என்று சொல்வது இதை அல்ல. அவசரமில்லாமல், பயமில்லாமல், யாரும் விரட்டாமல் இருக்கிற நேரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அதனால், மலையிலேயே இருந்தும் மனசு சரியில்லையே, என்னிடம்தான் குறையா என்று நினைக்க வேண்டாம். தூக்கக் குறைவு, முதுகுவலி, கடன், வீட்டில் குடிக்கிறவர் இருந்தால் அந்தப் பயம், இவற்றை எந்த மரநிழலும் அடைத்துவிடாது. முதலில் பார்க்க வேண்டியது தூக்கத்தை. மூன்றரை மணிக்கு எழுகிறவர் இரவு எட்டரை, ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். பதினோரு மணி வரை டிவி ஓடும் ஒற்றை அறை வீட்டில் அது அவர் ஒருவரால் முடியாது, வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். அடுத்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு முடித்தபின் பத்து நிமிடமாவது போனை எடுக்காமல், ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மேலே விட்டு உட்காருங்கள். பேச்சுத்துணை இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பத்து நிமிடத்தையும் பிடுங்கும் தோட்டங்கள் இருக்கின்றன. சாப்பாட்டு இடைவேளை தொழிலாளியின் உரிமை, முதலாளி பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை.

எவ்வளவு நேரம் இருந்தால் பலன் தெரியும்?

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்த 2019 ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், அப்படி எங்கும் போகாதவர்களைவிட உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, நாளுக்குக் கொஞ்சமா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அதே வருடம் வந்த மற்றொரு சிறிய ஆய்வு, 20 முதல் 30 நிமிடம் வெளியில் இருந்தாலே மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் நன்றாகக் குறைவதைக் காட்டியது.

'போனேன், ஒன்றும் சந்தோஷமாக இல்லை' என்று சிலர் சொல்வார்கள். பரவாயில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், கடுங்குளிரில் மரப்பூங்காவில் நடந்தவர்கள் அதை ரசிக்கவே இல்லை. ஆனாலும் அவர்களுடைய கவனமும் நினைவாற்றலும், வெயில் காலத்தில் ரசித்து நடந்தவர்களுக்குத் தேறிய அளவு தேறின.

எங்கள் ஊரில் பூங்காவே உருப்படியாக இல்லை. எங்கே போவது?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. நடவு முடிந்த வயல் வரப்பு, கண்மாய்க்கரை, ஊருக்கு வெளியே இருக்கும் கோயில் மரத்தடி எல்லாம் கணக்கில் சேரும். சுருளி அருவிக்கு விடுமுறை நாளில் போனால் கூட்டம்தான் மிஞ்சும், வார நாளில் காலையில் போய்ப் பாருங்கள். திராட்சைப் பந்தலுக்குள் நடப்பது இதமாக இருக்கும், ஆனால் திராட்சைக்கு மருந்து அடிப்பது அதிகம். தோட்டக்காரரைக் கேட்காமல் நுழைய வேண்டாம். மருந்து அடித்த வாடை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேரூராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான வேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். 2018-இல் முடிவு வந்தது. பச்சையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் 'மனசு சோர்ந்திருக்கிறது' என்று சொல்வது, அப்படியே விட்ட மனைகளின் பக்கத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 41 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலும் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியும் கிடக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் பணம் கேட்கும் வேலை இல்லை இது.

ஆம்பளைகள் கரையில் போய் உட்காரலாம். பொம்பளைகள் தனியாகப் போக முடியுமா?

எல்லா இடத்துக்கும் முடியாது, அது உண்மை. பயந்துகொண்டே நடக்கும் இடத்தில் மனசு தேறாது. கரையோரம் பாட்டில் உடைத்துப் போட்டிருக்கும் இடத்தில் ஒரு பெண் எப்படி நிம்மதியாக உட்காருவார்? கரையைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, குடிப்பவர்களை அப்புறப்படுத்துவதும் மனநல வேலைதான். மகளிர் குழு ஒன்றாகச் சேர்ந்து காலையில் நடப்பது சில தெருக்களில் நடக்கிறது, எல்லாத் தெருவிலும் நடக்கலாம். அதுவும் இயலாதவர்களுக்கு வீட்டின் பின்கட்டில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மாடியில் நாலு தொட்டி போதும். சமையல் செய்யும் இடத்திலிருந்து எதாவது ஒரு பச்சை கண்ணில் படுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். மழைக்காலம் வந்தாலே மனசு இருண்டுபோகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று வெளிச்சம். நம் உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தூக்கத்தையும் உற்சாகத்தையும் ஒழுங்கு செய்கிறது. லயத்து அறைகளில் ஜன்னல் சிறியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடுபனியும் மழையும் சேர்ந்தால் பகலிலும் பல்பு எரியும். அந்த பல்பு வெளிச்சம் 100, 200 லக்ஸ் அளவுதான். வெளியே மேகம் மூடியிருந்தாலும் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். எனவே மழை விட்ட நேரத்தில், முடிந்தால் காலையிலேயே, வாசலில் வந்து நில்லுங்கள். காப்பியை வெளித்திண்ணையில் வைத்துக் குடியுங்கள். சின்னக் காரியமாகத் தெரியும், ஆனால் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று பயம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையிலும் மண் சரிந்தது. இவற்றைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும் சொந்தத்தை இழந்தவர்களுக்கும் கூரையில் மழை சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். இவர்களிடம் போய் 'மழையை ரசி, மனசு லேசாகும்' என்று சொல்வது கொடுமை. இது பேரிடருக்குப் பின் வரும் மனக்காயம். மனநல ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இதற்கு உண்டு, குணமும் உண்டு. கூடவே, சரிவில் இருக்கும் லயத்தை மாற்றித் தரச் சொல்வதும் எச்சரிக்கை வந்தவுடன் முகாமுக்குப் போவதும் வேண்டும். உண்மையான ஆபத்து இருக்கும் இடத்தில் பயப்படாதே என்று சொல்வது வைத்தியம் ஆகாது.

யானைப் பயம்?

2023 மே 27-இல் அரிக்கொம்பன் கம்பம் தெருக்களுக்குள் ஓடியதைப் பார்த்த பிள்ளைகள் சிலர் பிறகு பல நாள் இருட்டில் வெளியே வர மறுத்தார்கள். யானையைப் பிடித்து முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டபிறகும் அந்தப் பயம் சிலருக்கு உடனே போகவில்லை. பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். பகலில் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கூட்டிப்போங்கள். சில வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தோம். அப்பா பேசுவதே இல்லை.

இந்த நிலையில் பல பெரியவர்களைப் பார்க்கிறோம். ஐம்பது வருஷம் காலையில் எழுந்து மடை திறக்கப் போனவர் இப்போது இரண்டாவது மாடியில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் இழந்தது நிலத்தை மட்டும் இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம், வழியில் நின்று பேச ஆள், 'இந்த வருஷம் தண்ணி எப்போ விடுவான்' என்று யோசிக்க ஒரு விஷயம், எல்லாம் சேர்ந்து போய்விட்டன. வாரத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது போதாது. அவர் கைக்கு ஒரு பொறுப்பு வேண்டும். உறவினர் தோட்டத்தில் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வது, பேரனுக்கு விதை ஊன்றக் கற்றுக்கொடுப்பது, கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் விடுவது, எதுவானாலும் சரி. அவர் வராவிட்டால் அது வாடும் என்று இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, காது கேளாமை, மறதி நோயின் தொடக்கம் இவையும் இதே மாதிரிதான் தோன்றும்.

ஊரை விட்டு வெளியூர் ஹாஸ்டலில் இருக்கிறேன். செல்போனில் மலை வீடியோ பார்த்தால் போதுமா?

கொஞ்சம் உதவும். 2022-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஆறு நிமிடம் பறவைச் சத்தத்தை ஹெட்போனில் கேட்டவர்களுக்கே பதற்றம் குறைந்தது. ஆனால் வீடியோவில் காலை வெளிச்சமும் நடையும் கிடைக்காது. ஹாஸ்டலைச் சுற்றி ஒரு மரமாவது இருக்கும், வகுப்புக்கு முன் அதுவரை போய் வாருங்கள். ஊர் ஏக்கம் இரண்டு மூன்று மாதத்தில் தணிய வேண்டும். கூடிக்கொண்டே போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வீட்டில் சொல்லுங்கள். 'எங்களை விட்டுப் போய்ச் சமாளிக்கத் தெரியலையா' என்று வீட்டில் யாரும் கேட்டுவிட வேண்டாம்.

காட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள், முனி அடித்துவிட்டது என்கிறார்கள். மந்திரிக்கலாமா?

விபூதி பூசுவதாலோ வேப்பிலை அடிப்பதாலோ கெடுதல் இல்லை. வீட்டார் கூடி நிற்பது பயந்தவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம். ஆனால் தனக்குத்தானே பேசுவது, இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைப்பது, நாட்கணக்கில் தூங்காமல் இருப்பது என்றால் அதே வாரத்தில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குணமாவது கடினமாகிறது. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது கூடவே கூடாது. 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 உயிர்கள் போயின. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

சுற்றுப்புறத்தில் வீட்டார் உடனே மாற்ற வேண்டியது எதாவது உண்டா?

உண்டு. பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியிலும் அடுப்படி மூலையிலும் பாட்டில் இருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். உயிரை விடும் எண்ணம் பலருக்கும் ஒரு சில நிமிடங்களின் வேகத்தில் வருவது. அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்து, பிறகு வாழவும் விரும்புகிறார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஊருக்குப் பொதுவான பெட்டகம் வைத்து, அவரவர் மருந்தை அங்கே பூட்டிவைத்த கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன. பெட்டகம் இல்லாத ஊரில் தோட்டத்து மோட்டார் அறையில் வைத்துப் பூட்டுங்கள். சாவி ஒருவரிடமே இருக்கட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர் மலை வேலைக்குப் போகலாமா?

பெரும்பாலும் போகலாம், வேலைக்குப் போவது நல்லதும்கூட. சில மாத்திரைகள் காலையில் தூக்கக் கலக்கம் தரும், சரிவில் கால் தடுமாறும். ஜீப் ஓட்டுகிறவர், மரம் ஏறுகிறவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார். லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகலாம். மனச்சிதைவுக்கான சில மருந்துகளில் உடம்பு சூட்டைத் தாங்காது, தோலும் வெயிலில் எளிதில் கன்றும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

நடை, காற்று, வெளிச்சம் எல்லாம் பார்த்தாயிற்று. எப்போது மருத்துவரிடம் போவது? வேலை கேரளத்தில், வீடு இங்கே. எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கமோ பசியோ கெட்டுப்போவது, வேலை ஓடாமை இருந்தால் போக வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறித்த நாட்களில் வரும். என்றைக்கு என்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து இலவசம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 எண்ணும் இருக்கிறது. எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காவிட்டால், சிக்னல் கிடைக்கும் வளைவு எது என்று ஜீப் டிரைவருக்குத் தெரியும். அங்கே இறங்கி நின்று பேசுங்கள்.